தலைப்பிலேயே தீர்ப்பா?

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குத் தலைப்பு வைக்கிறவர்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கோபம். முதலில் ஊரறிந்த ஒரு சொலவடை, அப்புறம் ஒரு முக்காற்புள்ளி, அதற்கும் அப்புறம்தான் விஷயம். "படிக்கிறவனை இழுக்க வேண்டாமா?" என்பார்கள். தாராளமாக இழுங்கள். ஆனால் சொலவடை தனியாக வராது சாமி, கையோடு ஒரு தீர்ப்பையும் கூட்டிக்கொண்டு வரும்.

காமர்ஸ்காரன் என்பதால் எங்கள் ஏரியா உதாரணமே சொல்கிறேன். பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2001-ல் எழுதிய பிரபலமான கட்டுரை 'பாய்ஸ் வில் பி பாய்ஸ்'. நம்ம பாஷையில், "ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பான்". 1991 முதல் 1997 வரை 35,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பங்குச்சந்தைக் கணக்குகளை அலசியிருக்கிறார்கள். பெண்களைவிட ஆண்கள் 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்கிறார்கள். அந்தப் பரபரப்பில் ஆண்களின் வருட வருமானத்தில் 2.65 சதவீதப் புள்ளிகள் காலி. பெண்களுக்கு? 1.72.

அதாவது பெண்களும் வாங்கி விற்றே பணத்தை விட்டிருக்கிறார்கள். தலைப்பில் அவர்களைக் காணோமே! இன்னொன்று, கல்யாணமாகாதவர்களை மட்டும் எடுத்தால் 45 என்பது 67 ஆகிறது. "அப்படித்தான் இருப்பான்" என்றால் கல்யாணமானவர்கள் கணக்கில் மட்டும் இடைவெளி ஏன் சுருங்குகிறது? கட்டுரை சொல்லும் காரணம் அதீத தன்னம்பிக்கை. தலைப்பு சொல்வதோ பிறவிக்குணம். போதாக்குறைக்கு மன்னிப்பும் கொடுத்து அனுப்பி வைக்கிறது.

இதே இருவரும் 2000-ல் இன்னொரு கட்டுரைக்கு 'டிரேடிங் இஸ் ஹசார்டஸ் டு யுவர் வெல்த்' என்று பெயர் வைத்தார்கள். சிகரெட் எச்சரிக்கையில் 'ஹெல்த்'தை எடுத்துவிட்டு 'வெல்த்'தைப் போட்டார்கள், அவ்வளவுதான். 66,465 குடும்பங்களில் மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு வருடத்துக்கு 11.4 சதவீதம் கிடைத்தது, சந்தையோ 17.9 சதவீதம் ஏறியது. கண்டுபிடித்ததைத்தான் தலைப்பும் சொல்கிறது. இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஆக, சொலவடையே கூடாது என்பதல்ல என் கட்சி. உள்ளே நிரூபித்ததைச் சொன்னால் வையுங்கள். நிரூபிக்காததைச் சொன்னால் தூக்கிப் போடுங்கள். ஏனென்றால் கட்டுரையை முழுசாகப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "ஆராய்ச்சியே சொல்லிடுச்சு" என்று அடித்துவிடுபவர்கள்தான் அதிகம். பாட்டி சொன்னால் எதிர்த்துப் பேசலாம். பேராசிரியர் சொன்னால் அதை மேற்கோள் காட்டி மார்க் வாங்குகிறோமே :-)