சின்னத் தீவுகளின் கோப்பை எங்கே?

கால்பந்து ஆட்டத்தில் எதிரியின் கோலுக்குள் பந்தை அடிக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் தன்னுடைய கோலுக்குள்ளேயே, வேண்டும் என்றே பந்தை அடித்த ஆட்டக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்டா? அப்படி அடித்ததால் அவருடைய நாடு வெற்றி பெற்றது என்றால் நம்ப முடிகிறதா?

கட்டுக்கதை அல்ல. 1994-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, பார்படோஸ் தீவில், ஊர் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே இருப்பது கரீபியன் கடல். அதில் சிதறிய மணிகளைப் போலப் பல தீவுகள் கிடக்கின்றன. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இவற்றில் சில தீவுகள் பழக்கமானவை. சோபர்ஸ் பிறந்தது பார்படோஸில். லாரா பிறந்தது டிரினிடாடில். கிரிக்கெட்டில் இந்தத் தீவுகள் ஒன்று சேர்ந்து 'மேற்கு இந்தியத் தீவுகள்' என்ற ஒரே பெயரில் ஆடுகின்றன.

கால்பந்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு தீவும் தனிக்குடித்தனம்! தனிக் கொடி, தனிச் சட்டை, தனி அணி. இந்த அணிகள் தங்களுக்குள் மோதிக்கொள்ள 1989-ல் ஒரு பந்தயம் ஏற்பட்டது. அதன் பெயர் 'கரீபியன் கோப்பை'. அதற்கு முன்பும் வேறு பெயரில் ஒரு போட்டி நடந்து வந்தது. ஷெல் எண்ணெய்க் கம்பெனி பணம் கொடுத்ததால், முதலில் 'ஷெல் கரீபியன் கோப்பை' என்றே அழைத்தார்கள்.

அந்தக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில்தான் மேலே சொன்ன அதிசயம் நடந்தது.

இரண்டு கோலையும் காத்த அணி!

பார்படோஸ், கிரெனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய மூன்றும் ஒரு பிரிவில் இருந்தன. கடைசி ஆட்டம் பார்படோஸுக்கும் கிரெனடாவுக்கும். முந்திய ஆட்டங்களின் கணக்குப்படி, பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஒரே ஒரு கோல் வித்தியாசம் என்றால், ஆட்டத்தில் ஜெயித்தாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கிரெனடா போய்விடும்.

அந்த ஆண்டு ஒரு புது விதி கொண்டு வந்திருந்தார்கள். எந்த ஆட்டமும் சமமாக முடியக் கூடாது. சமமானால் கூடுதலாக 30 நிமிஷம் ஆட வேண்டும். அதில் முதல் கோல் போடுகிறவருக்கே வெற்றி. அதோடு விட்டார்களா? அந்த ஒரு கோலை இரண்டு கோலாகக் கணக்கில் எழுத வேண்டும் என்றார்கள்! ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

பார்படோஸ் முதலில் 2 கோல் போட்டது. போதும், அப்படியே முடிந்தால் கரை சேர்ந்துவிடலாம். ஆனால் 83-வது நிமிஷத்தில் கிரெனடாவுக்கு ஒரு கோல் கிடைத்தது. 2-க்கு 1.

பார்படோஸ் வீரர்கள் மீண்டும் முட்டி மோதினார்கள். பலன் இல்லை. ஆட்டம் முடிய மூன்றே நிமிஷம். அப்போதுதான் யோசனை பிறந்தது. மூன்று நிமிஷத்தில் ஒரு கோல் போடுவது கடினம். ஆட்டம் சமமாகிவிட்டால் 30 நிமிஷம் கிடைக்கும். அதில் ஒரு கோல் போட்டால் அது இரண்டு கோல்!

சீலி என்ற பார்படோஸ் வீரரும், அவர்களுடைய கோல் கீப்பர் ஸ்டூட்டும் பந்தை இருவருக்குள் தட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சீலி திரும்பினார். தன் சொந்தக் கோலுக்குள் பந்தை அடித்தார். 2-க்கு 2!

கிரெனடா வீரர்களுக்குச் சிறிது நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இப்போது அவர்கள் எந்தப் பக்கம் கோல் போட்டாலும் லாபம். எதிரியின் கோலுக்குள் அடித்தால் ஜெயித்து முன்னேறலாம். தன் கோலுக்குள்ளேயே அடித்தால் ஒரு கோலில் தோற்று, அப்படியும் முன்னேறலாம்! அவர்கள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். பார்படோஸ் வீரர்கள் பாதிப் பேர் தங்கள் கோலையும், பாதிப் பேர் எதிரியின் கோலையும் காத்து நின்றார்கள். எதிரியின் வீட்டுக்குக் காவல் நின்ற படையை உலகம் அன்றுதான் பார்த்தது!

கூடுதல் நேரத்தில் தார்ன் என்ற வீரர் கோல் போட்டார். 4-க்கு 2 என்று எழுதினார்கள். பார்படோஸ் முன்னேறியது. கிரெனடாவின் மேலாளர் கொதித்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று குமுறினார். ஆனால் பார்படோஸ் மீது நடவடிக்கை எடுக்க வழி இல்லை. அவர்கள் ஒரு விதியையும் மீறவில்லையே!

யார் குற்றவாளி?

சீலியை மோசக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. அது சரியல்ல. தன் நாடு முன்னேற என்ன வழியோ அதைச் செய்தார். வழியை அப்படி வளைத்து வைத்தது யார்? மேஜை முன் உட்கார்ந்து விதி எழுதியவர்கள். பரீட்சையில் தப்பாக எழுதினால் அதிக மார்க்கு என்று வாத்தியாரே அறிவித்துவிட்டு, பையனைப் பெஞ்சு மேல் நிறுத்தினால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இன்னொரு அநியாயம் இதைவிடப் பெரியது. கரீபியன் கோப்பை என்றால் உலகம் இந்த ஒரு ஆட்டத்தைச் சொல்லிச் சிரிக்கிறது. அதோடு மறந்துவிடுகிறது. முன்னேறிய பார்படோஸ் அடுத்த சுற்றில் நிலைக்காமல் வெளியேறியது. கோப்பையை டிரினிடாட் வாங்கியது. இதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

கிரெனடாவின் ஜனத்தொகை சுமார் ஒரு லட்சத்துச் சொச்சம். பார்படோஸில் மூன்று லட்சத்துக்கும் குறைவு. மாண்ட்செராட் என்று ஒரு தீவு. 1995-ல் அங்கே எரிமலை கக்கத் தொடங்கியது. தலைநகரம் சாம்பலில் புதைந்தது. ஜனங்களில் பெரும்பகுதியினர் வெளியேறினார்கள். இன்று மிஞ்சியிருப்பது சுமார் 5 ஆயிரம் பேர். நம் பக்கத்தில் ஒரு பெரிய கிராமம், அவ்வளவுதான். அந்தத் தீவுக்கும் ஒரு தேசிய கால்பந்து அணி உண்டு!

இப்படிப்பட்ட நாடுகள் பிரேசிலோடும் ஜெர்மனியோடும் மோதி உலகக் கோப்பையை வாங்குவது எப்போது? குருவி தலையில் பனங்காய். ஆனால் பக்கத்துத் தீவை ஜெயிக்கலாம் அல்லவா? தன் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வரலாம் அல்லவா? அதற்குத்தான் இந்தக் கோப்பை.

அதற்கு வந்த சோதனைகளும் கொஞ்சம் அல்ல. 1990-ல் டிரினிடாடில் போட்டி நடந்தபோது, ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று பார்லிமெண்டுக்குள் புகுந்து பிரதம மந்திரியையே பிடித்து வைத்தது. போட்டி பாதியில் நின்றது. மறு ஆண்டு ஜமைக்காவில் மீண்டும் நடத்தினார்கள். ஜமைக்கா வென்றது.

டிரினிடாட் 8 தடவை, ஜமைக்கா 6 தடவை கோப்பையை வாங்கியிருக்கின்றன. இரண்டு அண்ணன் தம்பிகள் சொத்தைப் பங்கு போட்டது போல இருக்கும். அதில் தம்பி தங்கைகள் புகுந்து பறித்த ஆண்டுகள்தான் சுவையானவை. 1993-ல் மார்ட்டினிக் வென்றது. அது பிரான்சுக்குச் சொந்தமான தீவு. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தமிழர்கள் கப்பலேறிப் போன தீவு. ஃபிஃபாவில் உறுப்பினர் அல்லாததால் உலகக் கோப்பைப் பந்தயத்தில் மார்ட்டினிக் சேரவே முடியாது. கரீபியன் கோப்பையில் முடிந்தது!

2007-ல் ஹைத்தி. வறுமையாலும் அரசியல் குழப்பத்தாலும் நொந்த நாடு. டிரினிடாட் மண்ணிலேயே டிரினிடாடை 2-க்கு 1 என்று தோற்கடித்தது. 2012-ல் கியூபாவும் இறுதி ஆட்டத்தில் டிரினிடாடைத்தான் வீழ்த்தியது.

2017-ல் மார்ட்டினிக் தீவில் இறுதி ஆட்டம். ஜமைக்காவை எதிர்த்துக் குரசாவ். ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துச் சொச்சம். ஹூய் என்ற வீரர் இரண்டு கோல் போட்டார். 2-க்கு 1. குரசாவ் முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது.

அதோடு கோப்பையையே நிறுத்திவிட்டார்கள்!

ஏன் நிறுத்தினார்கள்?

வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கால்பந்துச் சங்கம் இருக்கிறது. அது 'நேஷன்ஸ் லீக்' என்ற புதுப் போட்டியைக் கொண்டு வந்தது. எல்லா நாடுகளும் அதில் ஆடலாம். ஆகவே தீவுகளுக்குத் தனிக் கோப்பை எதற்கு என்று கேட்டார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கோப்பையில் முதல் சுற்றில் தோற்ற தீவு, அடுத்த போட்டி வரும் வரை காலை மடக்கி உட்கார்ந்திருக்கும். புதுப் போட்டியில் பலம் குறைந்த நாடுகளுக்கும் நாலு ஆட்டமாவது நிச்சயம். சொந்த ஊரில் ஆட்டம் கிடைக்கும். இது நல்லதுதான். மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் கோப்பை யாருக்குப் போயிற்று? 2021, 2023, 2024 ஆகிய மூன்று தடவையும் அமெரிக்காவுக்கு. 2025-ல் மெக்சிகோவுக்கு. தீவு நாடு ஒன்று எட்டிப் பிடித்தது 2024-ல் ஜமைக்காவின் மூன்றாம் இடம். சங்கத்தில் உறுப்பினர்கள் 41. அவர்களில் 31 பேர் கரீபியன்காரர்கள்! இருந்தும் அவர்களுக்கென்று ஒரு கோப்பை இல்லை.

ஒரு கிராமத்தில் சின்னக் கோயில். வருஷத்துக்கு ஒரு திருவிழா. 'இனி உங்கள் ஊரில் விழா வேண்டாம். டவுனில் பெரிய தேர் ஓடுகிறது, வந்து ஓரமாக வடம் பிடியுங்கள்' என்று சொன்னால் அந்த ஜனங்களுக்கு எப்படி இருக்கும்? டவுன் தேர் பெரிதுதான். ஆனால் அது அவர்கள் தெரு வழியே வராதே!

இரண்டையும் வைத்துக்கொள்ளக் கூடாதா? நாலு வருஷத்துக்கு ஒரு முறையாவது தீவுகள் தங்களுக்குள் ஆடக் கூடாதா? ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள், நாள் கிடைப்பதில்லை என்பார்கள். பணம் வரும் பந்தயத்துக்கு மட்டும் நாள் எங்கிருந்து கிடைக்கிறது? 2023 முதல் 'கரீபியன் கோப்பை' என்ற பெயரில் ஒரு பந்தயம் நடக்கிறது. அதில் ஆடுவது நாடுகள் அல்ல, கிளப்புகள். பெயரைக்கூட விட்டு வைக்கவில்லை!

தீவுகளில் ஆட்டம் செத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2025 நவம்பர் 18-ந் தேதி, ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ஓர் ஆட்டம். மறுபடியும் ஜமைக்காவும் குரசாவும். ஜமைக்கா ஜெயித்தால் உலகக் கோப்பைக்குப் போகலாம். குரசாவுக்குச் சமம் போதும். ஜமைக்கா அடித்த பந்து மூன்று தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நேரத்தில் கொடுத்த பெனால்டியையும் நடுவர் திரும்பப் பார்த்து ரத்து செய்தார். இரண்டு பக்கமும் கோல் இல்லை. 2026 உலகக் கோப்பைக்குக் குரசாவ் தகுதி பெற்றது. உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளில் இதுவரை இவ்வளவு சிறிய நாடு கிடையாது.

அதே நாளில் ஹைத்தியும் தகுதி பெற்றது. 1974-க்குப் பிறகு இப்போதுதான். தலைநகரைத் துப்பாக்கிக் கும்பல்கள் பிடித்துக்கொண்டதால், ஹைத்தி வீரர்களால் சொந்த நாட்டில் ஆட முடியவில்லை. தங்கள் 'சொந்த ஊர்' ஆட்டங்களை அவர்கள் ஆடிய இடம் எது தெரியுமா? குரசாவ் தீவு!

ஹைத்தி 2007-ல் ஜெயித்த கோப்பையும் அதுதான். குரசாவ் 2017-ல் ஜெயித்த கோப்பையும் அதுதான். கணக்குப்படி குரசாவ்தான் இன்னும் கரீபியன் சாம்பியன். அதனிடமிருந்து அந்தப் பட்டத்தைப் பறிக்க, இத்தனை ஆண்டுகளாக ஒரு நாட்டுக்கும் சந்தர்ப்பம் கொடுக்கப்படவில்லை.