வானலையின் உரிமையாளர்

1993 நவம்பரில் வங்காள கிரிக்கெட் சங்கம் தன் வைரவிழாவையொட்டி ஹீரோ கோப்பைப் போட்டிகளை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் முறுக்கிக்கொண்டது. வந்திறங்கிய கருவிகளைச் சுங்கத்துறை விடுவிக்கவில்லை. நீதிமன்றப் படியேறிய பிறகே வழி பிறந்தது.

கிரிக்கெட் ஆட்டத்தைப் படம்பிடித்து விண்கோளுக்கு அனுப்ப அரசின் அனுமதி ஏன் வேண்டும்? 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் அப்படிச் சொன்னது. தந்திக் கம்பிக்காக பிரிட்டிஷ் ஆட்சி எழுதிவைத்த ஏகபோகம், நூறாண்டு கழித்து ஈடன் கார்டன் மைதானம் வரை நீண்டது.

அந்த ஏகபோகத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்பதை நெருக்கடிநிலையின் கடைசி வாரங்கள் காட்டின. 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகள் கூட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை, தூர்தர்ஷன் 'பாபி' படத்தைப் போட்டது. மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று கணக்கு. கணக்கு தப்பியது, கூட்டம் திரண்டது. அடுத்து வந்த ஜனதா அரசு அமைத்த வர்கீஸ் குழு, வானொலியையும் தொலைக்காட்சியையும் தன்னாட்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கச் சொன்னது. அந்தத் தன்னாட்சிக்காக 1990-ல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1997-ல். நடுவில் எத்தனை பிரதமர்கள்! ஒருவருக்கும் அவசரமில்லை.

ஹீரோ கோப்பை வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வானலை பொதுச்சொத்து, அரசும் அதைத் தனியுரிமையாக வைத்துக்கொள்ள முடியாது, பணம் படைத்தவரும் வளைத்துப்போட முடியாது, எல்லாத் தரப்பையும் கொண்ட சுயேச்சையான அமைப்பு ஒன்று அதைக் கவனிக்க வேண்டும் என்றது. நம் ஒளிபரப்பு வரலாற்றில் இதைவிட நல்ல வாக்கு சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம்.

அதே ஆண்டில் வந்த கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் எதிர்த்திசையில் போனது. மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ ஒரு நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லலாம். கேபிள்காரரின் கருவிகளைப் பறிமுதல் செய்யலாம். 1997-ன் ஒளிபரப்பு மசோதா ஒரு தனி ஆணையத்தை முன்வைத்தது. ஆட்சி கவிழ, மசோதாவும் போயிற்று. 2004-ல் கட்டணமும் இணைப்பும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் போயின. உள்ளடக்கமும் உரிமமும் தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்திடமே தங்கின.

தமிழ்நாட்டில் 2007-ல் அரசு கேபிள் நிறுவனம் தொடங்கப்பட்டு, 2011-க்குப் பிறகு மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் எந்தச் சேனல் எந்த எண்ணில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் கை ஆட்சியாளரின் கையாகவே இருக்கலாமா? மாநில அரசுகள் இத்தொழிலில் இறங்க வேண்டாம் என்று டிராய் சொன்னதன் காரணம் இதுதான்.

2022 ஜனவரியில் கேரளத்தின் மீடியாஒன் சேனலுக்கு அனுமதியைப் புதுப்பிக்க அமைச்சகம் மறுத்தது. காரணம் மூடிய உறைக்குள் நீதிமன்றத்துக்குப் போனது, சேனலுக்குச் சொல்லப்படவில்லை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், தந்திச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்க வந்த தொலைத்தொடர்புச் சட்டம், மக்கள் சார்பில் அலைக்கற்றையின் உரிமையாளர் மத்திய அரசு என்று எழுதிக்கொண்டது. 1995-ல் நீதிமன்றம் கேட்ட சுயேச்சையான அமைப்பு இன்னும் அமைக்கப்படவில்லை.