பெர்மிட் ஐபி எனி எனி

"வாசல்லதான் ஃபயர்வால் இருக்கே, அப்புறம் உள்ளே இருக்கிற ஸ்விட்சுல ஏசிஎல் எதுக்கு?" நெட்வொர்க் பார்க்கிற ஆசாமிகள் நிறையப் பேர் இன்னமும் இப்படித்தான் கேட்கிறார்கள். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிற கதை.

சும்மா உவமைக்குச் சொன்னதில்லை. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாம்மர் என்கிற வார்ம் கிளம்பியது. மொத்தமே 376 பைட். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் இருந்த ஓட்டை வழியாக, யுடிபி 1434 போர்ட்டில் நுழைந்து, பத்தே நிமிடத்தில் அந்த ஓட்டை இருந்த கணினிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிட்டது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி என்று ஓர் அணுமின் நிலையம். அங்கே ஃபயர்வால் இருந்தது, 1434-ஐத் தடுக்கவும் செய்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் தரப்பிலிருந்து வந்த ஒரு டி1 லைன், ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு அலுவலக நெட்வொர்க்கில் இணைந்திருந்தது. அந்த வழியாக வந்த வார்ம், நிலையத்தின் நெட்வொர்க்குக்கும் தாவி, பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினியை ஏறக்குறைய 5 மணி நேரம் முடக்கிப் போட்டது. (நல்லவேளை, அப்போது உலை ஓடவில்லை.) இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவே 1434-ஐத் தடுக்கிற ஒரே ஒரு வரி இருந்திருந்தால்...

சரி, ஏசிஎல் போடுகிறவர்களாவது ஒழுங்கா? லிஸ்ட்டை ஸ்விட்ச் மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துகிற வரியோடு நிறுத்திவிடும். எதிலும் பொருந்தாவிட்டால், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற 'எல்லாவற்றையும் தடு'. இதை மறந்துவிட்டு ஒரு டினை வரியை மட்டும் போடுவார்கள். மொத்த ஆபீசும் படுத்துவிடும், போன் மேல் போன் வரும். பதறிப்போய்க் கடைசியில் 'பெர்மிட் ஐபி எனி எனி' சேர்ப்பார்கள். "தற்காலிகமாத்தான் சார்!" அந்தத் தற்காலிகம் ஸ்விட்ச் பழைய இரும்புக்கடைக்குப் போகும் வரை நீடிக்கும். எது தேவை என்று உட்கார்ந்து யோசிக்கச் சோம்பல், வேறென்ன?

இன்னொரு கூட்டம், விலான் இன்டர்ஃபேசில் லிஸ்ட்டை மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறது. அது ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்கு ரூட் ஆகிற பாக்கெட்டைத்தான் பார்க்கும். ஒரே விலானுக்குள் பக்கத்து கணினிக்குப் போவது அதன் கண்ணிலேயே படாது. அதற்குப் போர்ட் ஏசிஎல்லோ விலான் மேப்போ வேண்டும். லேப் பரீட்சையில் வைல்டுகார்டு மாஸ்க் கணக்கைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்களே ஒழிய, இதை எத்தனை பேர் கேட்கிறார்கள்?

வேகம் குறையும் என்பது அடுத்த சாக்கு. சிஸ்கோ கேட்டலிஸ்ட் மாதிரி ஸ்விட்சுகளில் விதிகள் டிகேம் என்ற ஹார்டுவேர் நினைவகத்தில் உட்காருகின்றன. எல்லா வரியோடும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவதால் பத்து வரியும் நூறு வரியும் அதற்கு ஒன்றுதான். இடம் நிரம்பினால்தான் தகராறு. அது லிஸ்ட்டைச் சுருக்கமாக எழுதுவதற்குக் காரணம், எழுதாமலே விடுவதற்கில்லை.

தொலைவிலிருந்து மாற்றும்போது தானே வெளியே மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம் மட்டும் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. முதலில் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிட்டு, பிறகு ஏசிஎல்லை மாட்ட வேண்டும், சேவ் செய்யாமல். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் ரீபூட் ஆகிப் பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். எல்லாம் சரியாக ஓடினால் 'ரீலோட் கேன்சல்', அதற்கப்புறம் சேவ்.