மூச்சுக்கும் ஒரு தராசு வேண்டும்

'புகை பிடிக்காதீர்' என்ற பலகைக்கு நம் சங்கரன்கோவிலில் பஞ்சமில்லை. அதன் கீழேயே நின்று ஊதுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. கேட்டால், "ஒரு பீடிதானே அண்ணாச்சி, ஃபேன் ஓடுதுல்லா, புகை போயிரும்" என்பார்கள். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

புகை போய்விட்டது என்று சொல்வது நம் கண்ணும் மூக்கும். கெடுதல் செய்வதோ கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அடைத்த அறையில் ஃபேன் அதை விரட்டாது. மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் பங்கு வைக்கும்.

இதை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. காற்றை இழுத்து, லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதைக் கணக்கிட்டு, ஒரு கன மீட்டரில் எத்தனை மைக்ரோகிராம் என்று காட்டிவிடும். 24 மணி நேரச் சராசரி 15-க்குள் இருக்க வேண்டும் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் நாட்டு வரம்பு 60. மும்பை உணவகங்களில் 2008 தடைக்கு முன்பும் பின்பும் இப்படி அளந்து பார்த்திருக்கிறார்கள்.

"அடுப்புப் புகை, தெருத் தூசி எல்லாம் சேருமே?" என்பீர்கள். சேரும். அதனால்தான் வெளியே ஒரு முறை, உள்ளே யாரும் புகைக்காதபோது ஒரு முறை, புகைக்கும்போது ஒரு முறை அளக்க வேண்டும். கூடுவது எவ்வளவு என்பது தெரிந்துபோகும்.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். டீக்கடை, அலுவலகம், தறிக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் வைத்துக் கொடுப்பதும் தப்பு, கடைக்காரரும் பொறுப்பாளி. எத்தனை கடையில் லைட்டர் கயிற்றில் தொங்குகிறது, எண்ணிப் பாருங்கள்.

பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் நம் ஜில்லாவில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் பிழைப்பில் மண்ணள்ளிப் போடச் சொல்லவில்லை. நாலு சுவருக்குள் அடுத்தவர் மூச்சில் ஊதாதே என்கிறேன், அவ்வளவுதான்.

ரேஷன் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கிறோம். பத்து கிராம் அரிசி குறைந்தால் சத்தம் போடுகிறோம். நாள் முழுக்க அந்தப் புகைக்குள் நிற்கும் டீ மாஸ்டருக்கு யார் சத்தம் போடுவது? நகராட்சி ஒரு கருவி வாங்கட்டும். அளந்த எண்ணை அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். 'ஒரு பீடிதானே' என்பவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.