எல்லாத்துக்கும் ஒரே ரிமைண்டரா?

கூகுள் காலண்டரில் நேரம் குறித்துப் புதிதாக எந்த நிகழ்வைப் போட்டாலும், டீஃபால்ட்டாக 30 நிமிடம் முன்பு ரிமைண்டர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அவுட்லுக்கில் 15 நிமிடம். வீட்டிலிருந்தே பேசும் ஜூம் மீட்டிங்குக்கு 5 நிமிடம் போதும். ரயிலைப் பிடிக்க அரை மணி நேரம் எப்படிப் போதும்?

செட்டிங்ஸில் அந்த எண்ணை மாற்றலாம். ஆனால் அந்தக் காலண்டரில் நேரம் குறித்துப் போடும் எல்லா நிகழ்வுக்கும் அதே எண்தான் டீஃபால்ட். தேவையில்லாத நேரத்தில் அடித்துக்கொண்டே இருந்தால், பார்க்காமலே தள்ளிவிடப் பழகிவிடுவோம். முக்கியமானதும் அதோடு போய்விடும்.

இப்போதைக்கு ஒரு வழி: கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்து ‘பயணம்’, ‘மீட்டிங்’ எனத் தனித்தனி காலண்டர் உருவாக்குங்க. ஒவ்வொன்றுக்கும் தனி ரிமைண்டர் நேரம் வைக்கலாம்.

ஆனால் இது நாம் செய்ய வேண்டிய வேலையா? நிகழ்வின் வகைக்கேற்ப டீஃபால்ட் வைக்க ஒரு ஆப்ஷன் கொடுத்தால் போதுமே!