காருகுறிச்சியார் நாகஸ்வரமும் ஒரு வெற்றுத் தட்டும்

நெல்லைப் பக்கம் கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில், 'சிங்காரவேலனே தேவா' ஒலிக்காமல் முகூர்த்தம் நடக்காது. 1962-ல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக எஸ்.ஜானகியின் குரலோடு இழைந்து வாசித்தவர், நம்ம காருகுறிச்சி அருணாசலம். அந்தப் பாட்டு ஊர் ஊராகப் போனது இசைத்தட்டில்தான்.

இப்போ வைனல் தட்டுக்கு மறுபடியும் மவுசு. ஒரு தட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கு. ஆனா அந்தத் தட்டு எதிலிருந்து பிறக்குதுன்னு யாரும் கேட்பதில்லை.

முதலில் வேண்டியது ஒரு வெற்றுத் தட்டு. நன்றாக மெருகேற்றிய அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சு. நகப்பாலிஷில் இருக்கும் அதே சமாசாரம்தான். சூடேற்றிய மாணிக்க ஊசி அதில் பாட்டை வரியாக வெட்டும். பிறகு வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் வளர்த்து, உரித்து எடுப்பார்கள். அதிலிருந்து வருவதுதான் வைனலை அழுத்தும் அச்சு. வெட்டிய தட்டு அதோடு சரி, பாழ். பூச்சில் ஒரு தூசி இருந்தால்கூட 'டிக் டிக்' என்று கேட்கும். ஆக, அலுமினியம் வாங்குவது கஷ்டமில்லை. குறையில்லாமல் பூசுவதுதான் வித்தை.

உலகத்துக்கே இதைப் பெரிய அளவில் செய்துவந்தவை இரண்டே ஆலைகள். அதில் கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரி 6 அன்று எரிந்து போனது. மிச்சம் ஜப்பானின் எம்டிசி. செம்புத் தகட்டில் நேரடியாக வெட்டும் மாற்று முறை உண்டு. அதற்கான எந்திரங்கள் உலகிலேயே கொஞ்சம்தான்.

இங்கே வைனல் அழுத்தும் எந்திரத்தை இறக்குமதி செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. காருகுறிச்சியார் வாசிப்பைப் புதுத் தட்டாகப் போட நினைத்தாலும், வெற்றுத் தட்டுக்கு வெளிநாட்டைத்தான் நம்பணும். அங்கே ஒரு தீ, ஒரு நிலநடுக்கம் என்றால் இங்கே வேலை நிற்கும்.

நைட்ரோசெல்லுலோஸ் இந்தியாவிலேயே தயாராகிறது, அலுமினியமும் இருக்கிறது. பெயின்ட், அச்சு மை செய்யும் நிறுவனங்களில் பூச்சு தெரிந்த வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். சந்தை சின்னது, லாபம் குறைவு, உண்மைதான். ஆனா மாதம் சில நூறு தட்டுகள் செய்யும் ஒரு சோதனைக்கூடம் நடக்காத காரியமில்லை. ஒன்றே ஒன்று: இது சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள். பக்கத்துச் சிவகாசியில் பார்த்து வளர்ந்த நமக்கு, அதை வீடுகளுக்கு நடுவே வைக்கக்கூடாது என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.