காய்ச்சல் விடியலுக்குக் காத்திராது

வாலாஜாபாத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், காரைப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ சென்னைக்கோ சென்று திரும்புகின்றனர். மருந்தேறும் நாளில் உடனிருப்போர் விழிப்புடன் இருக்கின்றனர். ஆயினும் பேரிடர் பெரும்பாலும் வீடு திரும்பிய பின், 7 முதல் 14 நாட்களுக்குள் நேர்கிறது.

அந்நாட்களில், கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அவை 500-க்கும் கீழே இறங்கினால் அது கடுமையான குறைபாடு. சீழ் உருவாவதே இவ்வணுக்களால்தான். அவை இல்லாதபோது புண்ணில் சீழும் வீக்கமும் தோன்றாமற் போகலாம். பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. வாய்ப்புண், தொண்டைவலி, குளிர்நடுக்கம், மலம் கழிக்கையில் வலி ஆகியனவும் எச்சரிக்கைகளே. தாமதித்தால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். கிருமி இரத்தத்தில் பரவி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிறுநீரகம் செயலிழந்து, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

தைராய்டு மிகைச் சுரப்புக்குக் கார்பிமசோல், மனநோய்க்குக் குளோசபின் உட்கொள்வோருக்கும் அரிதாக இக்குறைபாடு வருவதுண்டு. அவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ கண்டால், அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரை அணுகி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

“ஷிப்ட் முடியட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரகடம் ஆலைகளில் பணிபுரியும் குடும்பத்தினர் எண்ணுவதை நாங்கள் குறை கூறோம். ஒரு நாள் ஊதியத்தின் அருமை அவர்களுக்கே தெரியும். ஆனால் பாராசிட்டமால் வெப்பத்தைத் தணிக்குமேயன்றிக் கிருமியை அழிக்காது, ஆபத்தை மறைத்துவிடும்.

எனவே பொறுப்பு மூவருக்கும் உண்டு என்பது எங்கள் கருத்து. மருத்துவமனைகள், மருந்தேற்றிய நாளையும் இரவிலும் அழைக்கத்தக்க தொலைபேசி எண்ணையும் சீட்டில் எழுதித் தர வேண்டும். ஆலை மேற்பார்வையாளர்கள், இத்தகைய அழைப்பு வந்த தொழிலாளியை ஊதியப் பிடித்தமின்றி உடனே அனுப்ப வேண்டும். குடும்பத்தினர் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்க வேண்டும். அது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும் 108-ஐ அழைத்துப் புறப்படுங்கள். அவசரப் பிரிவில் வரிசையில் நிற்காமல், “மருந்தேற்றிய நோயாளி, காய்ச்சல்” என்று முதலிலேயே கூறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்துவதே உயிர்காக்கும் வழி.

இழந்த ஊதியத்தை மறுமாதம் ஈட்டிக்கொள்ளலாம்; இழந்த அந்த ஒரு மணி நேரத்தை ஈட்ட இயலாது.